ஆளு உண்டு

இது நடந்தது. போன ஐப்பசியில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. எல்லாமே சாயங்காலக் காப்பி குடிக்கிற நேரத்தில், பக்கத்து ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்தவை. பொழுது சாய்ந்தபிறகு குமாரதாஸிடம் போய்க் கேட்டால் மறுக்கமாட்டார். பதிலும் சொல்லமாட்டார். அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

ஊரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறது. கன்னிமார்விளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டாரத்துக்குப் பக்கம்.

ரயில் இந்த மாவட்டத்துக்குப் பிந்தி வந்த விருந்தாளி. எழுபதுகளின் கடைசி வரைக்கும், ரயிலைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டவன் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை போட்டபோது, அது கன்னிமார்விளையின் வயலையும் தென்னந்தோப்பையும் இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. இடம் கொடுத்தவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். வண்டி இங்கே நிற்க வேண்டும். சில வருஷம் மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கினார்கள். தாழ்ந்த ஒரு பிளாட்பாரம். மஞ்சள் போர்டு. புன்னை மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. உள்ளூர் ஆள் ஒருவர் ஏஜென்டாக உட்கார்ந்து டிக்கெட் மட்டும் விற்பார். இதற்குப் பெயர் ஹால்ட்.

முதல் வண்டிக்கு மாலை போட்டார்கள். அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த செல்லத்தாய், மாமனாரின் தோப்பு போன இடம் என்கிற உரிமையில் முதல் ஆளாக ஏறினாள். நாகர்கோவில் வரைக்கும் போய், ஒரு காரியமும் இல்லாமல், அடுத்த வண்டியில் திரும்பி வந்தாள்.

அப்புறம் டவுன் பஸ் வந்தது. பைக் வந்தது. ஷேர் ஆட்டோ வந்தது. எக்ஸ்பிரஸ்கள் ஹால்ட்டைத் திரும்பியும் பாராமல் ஊதிக்கொண்டு போயின. மிஞ்சியது ஒரே ஒரு பாசஞ்சர். சாயங்காலம் நாலு இருபதுக்கு, நாகர்கோவில் பக்கமாகப் போவது. அதிலும் ஏற ஆளில்லை. டிக்கெட் விற்காத ஹால்ட்டை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஊர் கூடியது. ரிட்டயரான ரசலையன் வாத்தியார்தான் வழி சொன்னார்.

"கோயிலுக்கு முறை வைக்கோம்லா, அதுபோல இதுக்கும் வைப்போம். வீட்டுக்கொரு நாள். டிக்கெட் எடுத்தாப் போதும். ஏறணும்னு ஒண்ணும் இல்ல."

அப்படியே நடந்தது. முறை வந்த வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். டிக்கெட் எடுப்பார்கள். வீட்டுக்குப் போவார்கள். ஹால்ட் பிழைத்துக்கொண்டது.

குமாரதாஸ் ஐம்பது தாண்டியவர். அந்த ஹால்ட்டின் ஏஜென்ட். தினமும் டிக்கெட் விற்றார், தினமும் வண்டி காலியான பிளாட்பாரத்தில் நின்றது. வண்டியின் கார்டு மகேஷ்குமார் கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேலி செய்வார்.

"அண்ணாச்சி, ஆவிகளுக்கா டிக்கெட் விக்கீங்க?"

"நீ பாத்துக்கிட்டே இரு. ஒருநாள் எல்லாம் சேந்து உன் பெட்டியில ஏறப்போவுது."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். இப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. ஏற ஆள் இல்லையென்றால் குமாரதாஸ் ஜன்னல் வழியாகப் பச்சைத் துணியை ஆட்டுவார். வண்டி நிற்கப்போவதுபோலத் தயங்கி, நிற்காமல் போய்விடும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. யாருக்கும் அதில் நஷ்டமும் இல்லை. ஆள்தான் இல்லையே.

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானமே வானம் இருண்டு, மழை பிடித்துக்கொண்டது. குமாரதாஸ் அறைக்குள் உட்கார்ந்து போனில் பழைய கிரிக்கெட் மேட்ச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் வளையல் போட்ட ஒரு கை வந்தது.

"தாசு, ஒரு நாகர்கோயில்."

செல்லத்தாய். அன்றைக்கு அவள் வீட்டு முறை. குமாரதாஸ் தலையை நிமிர்த்தவில்லை. அட்டை டிக்கெட்டை எடுத்து, தேதி அடிக்கிற இரும்பு மிஷினில் செருகினார். டக். கொடுத்தார். வளையல் சத்தம் விலகிப் போனது. வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தார்.

வண்டி வந்தபோது மழை சாய்வாக அடித்தது. பெஞ்சு அறைக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால்தான் தெரியும். நீட்டினால் நனையும். குமாரதாஸ் கையை மட்டும் நீட்டி, பச்சைத் துணியை ஆட்டினார்.

அப்போது ஒரு குரல்.

"தாசு... ஆளு உண்டு..."

சக்கரச் சத்தத்தில் பாதி கரைந்துபோன குரல். ஆடு மேய்க்கிற யாரோ என்று நினைத்தார். நினைத்தார் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொண்டார். கை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆளு உண்டு..."

வண்டி வேகமெடுத்தது. குரல் நின்றது.

பிளாட்பாரம் முடிகிற இடத்தில் ஓடைப்பாலம் இருக்கிறது. மழை வெறித்த பிறகு, ஆட்டைத் தேடி வந்த ஒருவன் அங்கேதான் செல்லத்தாயைக் கண்டான்.

ஊரே திரண்டது. செல்லத்தாயின் மகள் பிந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காய்ச்சலில் கிடந்த பேரனுக்குச் செல்லத்தாய் ஐஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பிந்துவுக்குக் கோபம். "எங்கயாவது போய்த் தொலையேன்" என்று சொல்லிவிட்டாள். அம்மா போய்விட்டாள். வேறு காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. தண்டவாளத்தில் போய் நின்றுவிட்டாள் என்று ஊர் சொன்னது. வந்த போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. கூட்டத்தில் ஒருத்தி, "பெத்தவளப் பாத்து என்ன வார்த்த அது" என்று முணுமுணுத்தது பிந்துவுக்குக் கேட்டது. குமாரதாஸுக்கும் கேட்டது.

அவர் அங்கிருந்து நழுவி அறையைப் பூட்ட வந்தார். பெஞ்சில் ஒரு ஒயர் கூடை இருந்தது.

உள்ளே ஒரு மாற்றுச் சேலை. பிரஷர் மாத்திரை. மேலே ஒரு சீப்பு மட்டிப்பழம். வடசேரியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு எப்போது போனாலும் செல்லத்தாய் கொண்டுபோகிற பழம். சாகப் போகிறவள் மாத்திரை எடுத்து வைப்பாளா? கோபம் ஆறும்வரை தங்கச்சி வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறாள். முறைக்கு எடுக்கிற டிக்கெட்தானே, அதிலேயே போவோம் என்று நினைத்திருக்கிறாள். வண்டி நிற்காமல் போகவும் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்திருக்கிறாள்.

அந்தக் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பிந்துவின் தலையிலிருந்து பழி இறங்கிவிடும். இறங்கி, குமாரதாஸின் தலையில் உட்காரும்.

அவர் கூடையை உள்ளே எடுத்துப் போனார். மேஜைக்கு அடியில் வைத்து, சாக்கால் மூடினார். இரண்டு நாள் கழித்துக் கொடுப்போம் என்று சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் போனது. கொடுக்கவில்லை.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அறையில் தனியாக இருந்தபோது பின்னால் சத்தம் கேட்டது.

டக்.

தேதி மிஷின். திரும்பிப் பார்த்தார். மிஷினில் டிக்கெட் இல்லை. பக்கத்தில் ஆளும் இல்லை. மழை ஈரத்தில் ஸ்பிரிங் இளகியிருக்கும் என்று நினைத்தார். எண்ணெய் விட்டார்.

மறுநாளும் அதே நேரத்தில். டக்.

அப்புறம் அந்த மணம். மட்டிப்பழம் நாள்படத் தாங்காது. தோல் கறுத்து, ஈ மொய்க்கும். ஒரு வாரமாகியும் அறையில் ஈ இல்லை. அன்று பறித்த பழத்தின் மணம் மட்டும் இருந்தது. சாக்கை விலக்கிப் பார்த்தார். பழம் மஞ்சளாக, இறுக்கமாக இருந்தது. சீப்பு வெட்டிய இடத்தில் பால் கசிந்து நின்றது.

விரலால் தொட்டார். பால் காயவில்லை.

சாக்கை இழுத்து மூடினார்.

பச்சைத் துணியை அவர் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தொடவில்லை. அது ஆணியில் தொங்கியது. வண்டி தினமும் வந்து, ஒரு மூச்சு நின்று, போனது. குமாரதாஸ் ஜன்னலை விட்டு வெளியே பார்க்கமாட்டார். வண்டி போன பிறகு அறையைப் பூட்டிவிட்டு, குனிந்த தலையோடு நடப்பார். அப்படி ஒருநாள், குடை பிடித்துக்கொண்டு பெஞ்சைத் தாண்டும்போதுதான் அதைக் கண்டார்.

காலையிலிருந்து விடாத மழை. புன்னை மரம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சு கறுத்து நனைந்திருந்தது. ஒரு இடத்தைத் தவிர.

ஒரு ஆள் உட்காருகிற அகலம். அங்கே மட்டும் சிமென்ட் வெள்ளையாக, காய்ந்து கிடந்தது. பெஞ்சுக்குக் கீழே, தரையிலும் இரண்டு சின்னக் காய்ந்த இடங்கள். பாதம் வைக்கிற இடத்தில்.

அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. காய்ச்சலா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல" என்றார்.

அடுத்த நாள் நாலு மணிக்குப் பிந்து வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு அம்மா டிக்கெட் எடுத்தாளா?"

"எடுத்தா மக்கா. முறைக்கு எடுத்தா."

"அழுதாளா?"

"மொகத்தப் பாக்கல்ல."

அது உண்மை. அந்த ஒன்றாவது உண்மையாக இருந்ததில் அவருக்குச் சின்ன ஆறுதல்கூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவருக்குக் கூசும்.

"எதாவது சொன்னாளா? எம்மேல கோவம்னு... என்னமாவது?"

"இல்ல மக்கா. ஒண்ணும் சொல்லல்ல."

கூடை அவர் காலில் இடித்துக்கொண்டிருந்தது. பிந்து போகத் திரும்பியவள் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"மட்டிப்பழம் மணக்குது."

குமாரதாஸ் கூடையைக் காலால் உள்ளே தள்ளினார்.

"அன்னைக்குக் காலையில அம்மா ஒரு குலை வெட்டினா. அதுல ஒரு சீப்பக் காணல்ல. எங்க போச்சுன்னு தெரியல்ல." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். "பிள்ளைக்குச் சோறு ஊட்ட எனக்குக் கை பொங்கல்ல, தூக்கவே முடியல்ல அண்ணாச்சி. இந்தக் கையால ஊட்டப்படாதுன்னு தோணுது."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இப்போது கூப்பிட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஹால்ட் போகும். வேலை போகும். கேஸ் வரும். ஊர் காறித் துப்பும். குமாரதாஸ் வாயை மூடிக்கொண்டார்.

டக்.

இந்தத் தடவை அவர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புப் பல் தானாக இறங்கி, தானாக ஏறியது.

தூரத்தில் வண்டி ஊதியது. நாலு இருபது.

வண்டி வந்தது. நின்றது. கடைசிப் பெட்டி பெஞ்சுக்கு நேராக.

போகவில்லை.

ஒரு மூச்சு... இரண்டு மூச்சு... வண்டி நின்றுகொண்டே இருந்தது.

மழைக்குள் மகேஷ்குமாரின் குரல் கேட்டது.

"மெதுவா அம்மா... மெதுவா. கம்பியப் புடிச்சுக்கிடுங்க."

குமாரதாஸ் எழுந்தார். ஜன்னலுக்கு வந்தார். அன்றைக்குச் செய்யாததைச் செய்தார்.

தலையை வெளியே நீட்டினார்.

மழை முகத்தில் அறைந்தது. பிளாட்பாரத்தில் ஆள் இல்லை. மகேஷ்குமார் தன் பெட்டிக்கு முன்பெட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதான ஒருவர் படியேறும்போது, விழுந்துவிடக் கூடாதே என்று பார்க்கிற பார்வை. படி காலியாக இருந்தது.

பெஞ்சில் அந்தக் காய்ந்த இடம்.

அதில் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொரு சொட்டு.

வெள்ளைச் சிமென்ட் மெல்ல மெல்லக் கறுத்தது... கடைசியில் பெஞ்சு முழுக்க ஒரே நிறமாயிற்று.

மகேஷ்குமார் கொடி காட்டினார். வண்டி நகர்ந்தது. ஜன்னலைத் தாண்டும்போது அவர் குனிந்து, சாதாரணமாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, அந்தம்மா கூடைய விட்டுட்டாங்களாம். உங்ககிட்டதான் இருக்காம். மகள்கிட்ட குடுத்துரச் சொன்னாங்க."

குமாரதாஸ் திரும்பினார்.

கூடை மேஜைமேல் இருந்தது.

சாக்கு கீழே, மடித்து வைத்தபடி.

பழம் கறுத்து, கூழாகி, ஒயர் இடுக்கு வழியே சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் குடை எடுக்கவில்லை. கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். பிந்து வீட்டு வாசலில் ஏறியபோது சட்டை முழுக்கப் பழச்சாறு. பிந்து கூடையைப் பார்த்தாள். சேலையை எடுத்தாள். மாத்திரையை எடுத்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறதுக்குக் கெளம்பியிருக்கா மக்கா," என்றார் குமாரதாஸ். "சாவதுக்கில்ல. நான் ஆளில்லன்னு துணி காட்டினேன். வண்டி நிக்கல்ல."

"அம்மா விளிச்சாளா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"விளிச்சது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

பிந்து கத்தவில்லை. அடிக்கவில்லை. சேலையை மடியில் வைத்து மடித்தாள். பிறகு உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இனிம இந்தப் படி ஏறப்படாது," என்றாள்.

விசாரணை வந்தது. குமாரதாஸ் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏஜென்சி போனது. கேஸ் ஓடுகிறது. ஹால்ட்டை மூடிவிட்டார்கள். பாசஞ்சர் இப்போது அங்கே நிற்பதில்லை. அறைக்குப் பூட்டுப் போட்டு, அடுத்த வாரமே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். பச்சைத் துணியைக் குமாரதாஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவி பார்க்க அடுப்பில் போட்டார்.

செல்லத்தாயின் நாற்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. அவராகப் போனார். படி ஏறவில்லை. மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை பிந்து வீட்டுக்கு எதிரே, தெருவில் நின்றார். வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரசலையன் வாத்தியார் மட்டும் பக்கத்தில் வந்து, கொஞ்ச நேரம் கூடவே நின்றுவிட்டுப் போனார். பிந்து பிள்ளையை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் அவர் நின்றார்.

மறுநாள் காலையில் மகேஷ்குமார் போன் செய்தார்.

"அண்ணாச்சி, அடச்சுப் போட்ட ஹால்ட்டுல உங்களுக்கு என்ன வேல?"

"நான் அங்க போறதில்லயே மகேஷ்."

"நேத்தும் பாத்தேனே. நாலு இருவதுக்கு. ஜன்னல்ல."

"ஜன்னலுக்குக் கல்லு வச்சு அடச்சாச்சு."

குமாரதாஸ் போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"மகேஷ்... அவ நிக்காளா?"

"யாரு? அந்தம்மாவா? இல்ல. பிளாட்பாரத்துல ஒருத்தரும் இல்ல. நீங்கதான். மூடின நாளுலருந்து தெனமும் நீங்கதான். கை மட்டும் வெளிய நீட்டி, பச்சத் துணிய ஆட்டுறீங்க. புது டிரைவருக்கு ஒரே கொழப்பம். போகச் சொல்றாரா, நிக்கச் சொல்றாரான்னு எங்கிட்ட கேக்காரு."

"கொழப்பம் என்னத்துக்கு?"

"கை போகச் சொல்லுது. ஆனா உள்ளருந்து சத்தம் வருதே அண்ணாச்சி. உங்க சத்தந்தான், எனக்குத் தெரியாதா? ஆளு உண்டு, ஆளு உண்டுன்னு... தொண்ட கிழியுத மாதிரி. வண்டி தாண்டிப் போற வரைக்கும் விளிக்கீங்க."

குமாரதாஸ் போனைக் கீழே வைத்தார். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையில் மிளகுக் கஷாயம். பேசியது முழுவதும் அவளுக்குக் கேட்டிருந்தது.

ஹால்ட் மூடிய நாளிலிருந்து அவள் தினமும் பொழுது சாயும்போது அந்தக் கஷாயத்தைப் போடுகிறாள். நேற்று போட்டு அவர் குடிக்காமல் விட்டதைத்தான் இப்போது சூடாக்கிக் கொண்டுவந்திருந்தாள். காலையில் அவர் குரல் நன்றாகத்தான் இருக்கும். நாலு மணி வரைக்கும் நன்றாகவே இருக்கும். நேற்றைத் தவிர அவர் வீட்டை விட்டு அசைந்ததில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நாகர்கோவில் வண்டி ஊதிவிட்டுப் போன பிறகு, குரல் கட்டிப்போயிருக்கும்.